வயிற்று நோய் ஆய்வாளராக விரும்பும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு

வயிறு, குடல், கல்லீரல், கணையம் ஆகியவற்றில் வரும் நோய்களுக்கு வைத்தியம் பார்ப்பது ஒரு தொழில். அந்த நோய்கள் யாருக்கு வருகின்றன, எதனால் வருகின்றன, கொடுக்கும் மருந்து உண்மையிலேயே பயன் தருகிறதா என்று கண்டறிவது மற்றொரு தொழில். ஒருவரே இரண்டையும் செய்யலாம். வேலூரிலும் சென்னையிலும் அப்படிச் செய்து பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் தொழிலைக் கற்றுவிட்டால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. எண்டோஸ்கோபி கருவியைத் திறமையாகச் செலுத்தத் தெரிந்த பலருக்கு ஓர் ஆய்வுக்கு எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று கணக்கிடத் தெரியாது. இந்தக் கட்டுரை இரண்டாவது தொழிலைப் பற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளில் பயில்வோரையும், இம்மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகளில் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களைப் படிப்போரையும், பிளஸ் டூ வகுப்பில் இருந்துகொண்டு இத்திசையில் யோசிப்போரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

இங்கிருக்கும் மாணவர்களிடம் பேசும்போது, பெரிய ஆய்வகம் இல்லை, கருவிகள் இல்லை என்ற குறையே முதலில் வரும். குறை உண்மைதான். ஆயினும் பெரும்பாலானோர் தொடங்காமல் நிற்பதற்குக் காரணம் அதுவல்ல. விடை காணக்கூடிய அளவுக்குச் சுருக்கிய ஒரு கேள்வி அவர்கள் கையில் இல்லை. ஆகவே படிப்பு, தேர்வு பற்றிய செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கேள்வியைப் பற்றியும் முதல் ஆய்வைப் பற்றியும் விரிவாகச் சொல்கிறேன்.

நுழைவதற்கு இரண்டு வழிகள்

முதல் வழி மருத்துவப் படிப்பு. நீட் தேர்வு, நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி, பிறகு மூன்றாண்டு எம்.டி. பொது மருத்துவம், அதன்மேல் மூன்றாண்டு டி.எம். இரைப்பை குடலியல் என்று கூட்டினால் தடையில்லாமல் போனாலும் பதினொன்றரை ஆண்டுகள் ஆகும். அறுவை சிகிச்சைப் பக்கம் போவோர் எம்.எஸ்., எம்.சிஹெச். என்று செல்வார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2020 முதல் வழங்கப்படும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, இம்மாவட்டங்களின் மாணவர்கள் மறக்கக்கூடாத ஒன்று. இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: குடல்நோய் ஆய்வுக்கு டி.எம். கட்டாயமில்லை. எம்.டி. நுண்ணுயிரியல், நோய்க்குறியியல், சமூக மருத்துவம் படித்தவர்கள் இத்துறையில் செய்த பங்களிப்பு குடலியல் மருத்துவர்களின் பங்களிப்புக்குக் குறைந்ததல்ல. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்படும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ககன்தீப் காங் நுண்ணுயிரியல் படித்தவர். 2019இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வான முதல் இந்தியப் பெண்ணும் அவரே.

இரண்டாம் வழி அறிவியல் படிப்பு. பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். 2023 முதல் நடைமுறையில் உள்ள தொகை இது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை மையம் தருமபுரியிலேயே இருப்பதால், முதுநிலைப் படிப்புக்கு வீட்டை விட்டுப் போக முடியாதவர்களுக்கும் கதவு அடைபடுவதில்லை. இவ்வழியில் வருவோர் நோயாளிகளை நேரடியாகப் பார்க்க முடியாது என்பதால், மருத்துவர் ஒருவரோடு இணைந்து வேலை செய்யும் பழக்கத்தை முதுநிலைக் காலத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மல மாதிரியிலிருந்து நுண்ணுயிரிகளின் மரபணுவைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்கு, அந்த மாதிரியைக் கொடுத்தவர் நான்கு நாட்களுக்கு முன் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா என்று சொல்லக்கூடிய மருத்துவர் தேவை.

வீட்டாருக்கு ஒன்றை முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. ஆய்வாளரின் வருமானம் தனியாக மருத்துவமனை நடத்துபவரின் வருமானத்துக்கு அருகில் வராது; முப்பது வயது வரை படித்துக்கொண்டே இருக்கிறான் என்ற பேச்சும் உறவினர் வீட்டுத் திருமணங்களில் வரத்தான் செய்யும்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

உலகம் முழுவதும் பேசப்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டு பெரிய நகரங்களோடு போட்டியிடுவதைவிட, இந்த மண்ணில் மட்டும் நன்றாகக் கேட்கக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. அப்படிப்பட்ட கேள்விகள் இங்கு நிறையவே உள்ளன.

முதலாவது, தண்ணீர். இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இதன் பொருட்டே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. பற்களில் வரும் கறையையும் எலும்பில் வரும் பாதிப்பையும் எல்லோரும் அறிவார்கள். வயிற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஃபுளோரைடு இரைப்பையின் அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகி உட்சவ்வைப் புண்ணாக்கக்கூடும். குமட்டல், வயிற்றுவலி, உப்புசம் முதலிய தொல்லைகளுக்கும் ஃபுளோரைடுக்கும் உள்ள தொடர்பைத் தில்லி எய்ம்ஸில் ஏ.கே. சுசீலாவின் குழு வட இந்தியக் கிராமங்களில் ஆராய்ந்திருக்கிறது.

அப்படியானால் பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்போரையும், ஒகேனக்கல் நீரைக் குடிப்போரையும் ஒப்பிட்டு, யாருக்கு வயிற்றுத் தொல்லை அதிகம் என்று எண்ணிவிட்டால் ஆய்வு முடிந்துவிடுமா? முடியாது. ஆய்வுச் சிந்தனை தொடங்குவதே இந்த இடத்தில்தான். ஃபுளோரைடு பாதிப்புள்ளவருக்கு மூட்டுவலியும் முதுகுவலியும் இருக்கும். வலிக்கு அவர் மெடிக்கலில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவார். அம்மாத்திரையே இரைப்பையில் புண்ணை உண்டாக்கக்கூடியது. அவருடைய வயிற்றுவலி தண்ணீரால் வந்ததா, தண்ணீரால் வந்த மூட்டுவலிக்குப் போட்ட மாத்திரையால் வந்ததா? இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் வலி மாத்திரை சாப்பிடாதவர்களைத் தனியே எடுத்து ஒப்பிட வேண்டும். வெற்றிலை, புகையிலை, மது ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். குடிக்கும் நீரிலும் சிறுநீரிலும் ஃபுளோரைடு அளவைச் சோதிக்க வேண்டும். குழாயில் காவிரி நீர் வந்தாலும் சமையலுக்குப் பழைய போர் தண்ணீரையே பிடிக்கும் வீடுகள் இருக்கக்கூடும் என்பதால், குடிக்கும் நீரையும் சமைக்கும் நீரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரு கேள்வி எப்படிப் படிப்படியாகக் கூர்மையடைகிறது என்பதைக் காட்டவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது, உணவு. கேழ்வரகுக் களியும் கூழும் இன்னும் அன்றாட உணவாக இருக்கும் பகுதிகளில் இவ்விரு மாவட்டங்களும் அடங்கும். சமைத்த மாவுப்பொருள் ஆறும்போது அதில் ஒரு பகுதி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை செல்லும் வடிவத்துக்கு மாறுகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்கள் பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ள உதவுகின்றன. இந்த அடிப்படையில்தான் வேலூரில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும், செரிக்காத மாவுப்பொருளை உப்புச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, வயிற்றுப்போக்கின் அளவும் நீடிக்கும் காலமும் குறைவதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சூடான களிக்கும், மறுநாள் கரைத்துக் குடிக்கும் கூழுக்கும் இந்த வகையில் எவ்வளவு வேறுபாடு என்பது நம் ஊர் மாணவர் ஒருவர் ஆய்வகத்தில் அளந்து பார்க்கக்கூடிய கேள்வி. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: பாட்டி காலத்து உணவு உயர்ந்தது என்று நிரூபிக்கும் நோக்கத்தோடு இறங்குபவருக்கு அளவீடு எதைச் சொன்னாலும் அது உயர்ந்ததாகவே தெரியும். அந்த நோக்கம் இருப்பவர்கள் வேறு கேள்வியை எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, குடல் காசநோய். குடலில் வரும் காசநோயும், குடலில் நெடுநாள் அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயும் எண்டோஸ்கோபியிலும் திசுப் பரிசோதனையிலும் ஒன்றுபோலத் தோற்றமளிக்கக்கூடியவை. குரோன் என்று நினைத்து, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால், உள்ளே இருப்பது காசநோயாக இருக்கும்பட்சத்தில் அது பெருகிவிடும். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுத்தால் குரோன் நோய் சிகிச்சையின்றி முற்றும். இந்தியக் குடலியலில் மிகவும் பேசப்படும் சிக்கல் இது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்தே பன்னிரண்டு மாத மருந்துக்கு இணையான பலன் தருகிறது என்று காட்டிய ஒப்பீட்டாய்வை 1997இல் வெளியிட்டது. இந்தத் தலைப்பு இளநிலை மாணவருக்குப் பெரிது. டி.எம். கட்டத்துக்கு ஒதுக்கி வைக்கலாம்.

கேள்வியைத் தேடிப் போகும் முறைக்கு ஒரு நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்புரூ என்னும் நோய் கூட்டம் கூட்டமாகத் தாக்கியது. நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, உடல் மெலிவு, இரத்தசோகை ஆகியவை அதன் அடையாளங்கள். வேலூரில் பணியாற்றிய செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் மருத்துவமனைக்கு வந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் ஊர்களுக்கே சென்று, எந்த வீட்டில் முதலில் வந்தது, எப்படிப் பரவியது என்று பதிவு செய்தார்கள். அந்த மாவட்டத்தின் எல்லையிலேயே இருக்கும் நமக்கு, அவர்களுடைய பழைய கட்டுரைகள் இன்றும் படிக்கத் தக்கவை. நோயைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக அல்லாமல், பதிவு செய்யும் முறையைக் கற்பதற்காக.

முதல் ஆய்வை எப்படிச் செய்வது

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் மிகச் சிறந்த நுழைவாயில். கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் இரண்டு மாதம் செய்து முடிக்கக்கூடிய ஆய்வை முன்மொழிய வேண்டும். தேர்வானால், ஆய்வை முடித்து அனுப்பும் அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். ஏற்கப்படாவிட்டாலும் நட்டமில்லை, முன்மொழிவு எழுதிய அனுபவம் கையில் இருக்கும்.

இரண்டு மாதத்துக்குள் அடங்கும் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வயிற்றெரிச்சல், உப்புசம், புளித்த ஏப்பம் என்று புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் எத்தனை சதவீதம் பேர், கடந்த இரண்டு வாரத்துக்குள் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் விடை மிகவும் பயனுள்ளது. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவைக் கண்டறிய யூரியா மூச்சுச் சோதனை, மல ஆன்டிஜென் சோதனை, எண்டோஸ்கோபியின்போது செய்யும் யூரியேஸ் சோதனை ஆகியவை உள்ளன. அமிலத்தைக் குறைக்கும் ஒமெபிரசோல், பாண்டோபிரசோல் வகை மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு முன்பும், ஆன்டிபயாடிக்குகளை நான்கு வாரத்துக்கு முன்பும் நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று இச்சோதனைகள் காட்டிவிடக்கூடும். ஆக, மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையின் புழக்கம் தெரியாமல் இப்பகுதியில் இந்தக் கிருமியைப் பற்றி எடுக்கும் எந்தக் கணக்கையும் நம்ப முடியாது.

எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? ஏறத்தாழ 30 சதவீதம் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீட்டை வைத்துக்கொள்வோம். இதை முந்தைய ஆய்வு ஒன்றிலிருந்தோ சிறு முன்னோட்டத்திலிருந்தோ எடுக்க வேண்டும். விடை ஐந்து சதவீதப் புள்ளி முன்பின் துல்லியமாக வேண்டுமானால், 1.96இன் (95 சதவீத நம்பகத்துக்குப் புள்ளியியலில் பயன்படும் எண்) வர்க்கத்தை 0.3ஆலும் 0.7ஆலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 323 பேர் என்று வரும். பத்தில் ஒருவர் பாதியில் விலகுவார் என்று வைத்துக்கொண்டால் 359 பேரை அணுக வேண்டியிருக்கும். இரண்டு மாதத்தில் அத்தனை பேரைச் சந்திக்க முடியாது என்றால், துல்லியத்தை ஏழு சதவீதப் புள்ளியாகத் தளர்த்தி 165 பேரோடு செய்யலாம். ஆனால் அந்த முடிவை ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே எடுத்து எழுதிவிட வேண்டும். கிடைத்தவரை போதும் என்று நடுவில் நிறுத்துவது, விரும்பிய விடை வந்தவுடன் நிறுத்துவதற்கு வழி செய்துவிடும்.

கேட்கும் விதத்தில்தான் பாதி ஆய்வு இருக்கிறது. “மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டால் “இல்லைங்க” என்றே பெரும்பாலும் பதில் வரும், ஏனெனில் கேஸுக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்டதை அவர்கள் வைத்தியக் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கு வழக்கமாக விற்கும் மாத்திரை அட்டைகளையும், அமிலத்துக்குக் குடிக்கும் மருந்துப் பாட்டில்களையும் ஓர் அட்டையில் ஒட்டியோ படமெடுத்தோ வைத்துக்கொண்டு, “இதில் எதையாவது வாங்கினீங்களா?” என்று காட்டிக் கேட்டால் விரல் தானாக ஒன்றின்மேல் போகும். சேலை முந்தானையிலோ சட்டைப் பையிலோ காலி அட்டை இருக்கிறதா என்று கேட்பதும் பலன் தரும். கேஸ் என்று ஒருவர் சொல்வது நெஞ்செரிச்சலாக இருக்கலாம், உப்புசமாக இருக்கலாம், ஏப்பமாகவும் இருக்கலாம் என்பதால், எங்கே, எப்போது, சாப்பிடுவதற்கு முன்பா பின்பா என்று தனித்தனியாகக் கேட்டுப் பதிய வேண்டும். மல வடிவத்தைச் சொற்களால் கேட்பதைவிட, ஏழு வடிவங்களைக் கொண்ட பிரிஸ்டல் படத்தைக் காட்டுவது இரு தரப்புக்கும் சங்கடமில்லாத வழி. வாரத்துக்கு மூன்று முறை போனாலே இயல்பு என்னும் மேல்நாட்டு அளவுகோலை அப்படியே பயன்படுத்தக்கூடாது. நம் நாட்டில் பெரும்பாலோர் நாளுக்கு ஒரு முறையாவது போகிறார்கள் என்பதை இந்தியக் குடலியல் சங்கத்தின் ஆய்வு காட்டியிருக்கிறது.

இன்னும் சில, உள்ளூரை அறிந்தவருக்கே தோன்றுபவை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் ஏராளம். தமிழ் வினாப்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அவர்களுடைய விடைகள் பிழையாக வரும். மதுவைப் பற்றிய கேள்வியை மனைவியோ மகளோ அருகில் நிற்கும்போது கேட்கக்கூடாது. தொக்கம் எடுத்தீர்களா, நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா என்பதைக் கேலித் தொனி துளியும் இல்லாமல் கேட்க வேண்டும். முகம் சுளித்தால் அதற்குப் பின் வரும் எந்த விடையும் நம்பத்தக்கதல்ல. மே, ஜூன் மாதங்களில் கிருஷ்ணகிரியில் வயிற்றுப்போக்கை எண்ணினால் அது மாம்பழக் காலத்துக் கணக்கு; ஆண்டு முழுவதுக்குமான கணக்கு அல்ல. தொடர்ந்து பார்க்க வேண்டிய ஆய்வாக இருந்தால், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவோர் பலர் என்பதால், ஊரிலேயே இருக்கும் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைக்க வேண்டும்.

வினாப்பட்டியலை முடிவு செய்வதற்கு முன் பத்து இருபது பேரிடம் கேட்டுப் பார்த்துத் திருத்துங்கள். அந்தப் பத்து இருபது பேரை இறுதிக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

நெறிமுறைக் குழுவும் ஒப்புதலும்

வெறும் கேள்வி கேட்கும் ஆய்வுதானே என்று நெறிமுறைக் குழுவைத் தவிர்க்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளைத் தரவிறக்கிப் படித்துவிட்டு முன்மொழிவை எழுதினால் குழு கேட்கும் திருத்தங்கள் பாதியாகக் குறையும். ஒப்புதல் படிவம் பேச்சுக்கு அருகிலுள்ள தமிழில் இருக்க வேண்டும். ஆய்வில் சேராவிட்டாலும் சிகிச்சை குறையாது என்ற வாக்கியம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைக்கு வருபவர், வெள்ளைக் கோட்டு அணிந்தவர் கேட்பதை மறுத்தால் மருந்து கிடைக்காதோ என்று அஞ்சுவது இயல்பு. ஆகவே சிகிச்சை அளிக்கும் மருத்துவரே ஒப்புதலும் கேட்காமல் வேறொருவர் கேட்பது சிறந்தது. மருந்தையோ உணவையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வாக இருந்தால், 2007இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

ஹெலிகோபாக்டர் கிருமியைத் தாமே குடித்துப் பார்த்த பாரி மார்ஷலின் 1984ஆம் ஆண்டுச் சோதனையை மாணவர்கள் வியந்து பேசுவார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. அவரிடமும் ராபின் வாரனிடமும் கற்க வேண்டியது வேறு. நோயாளிகளின் இரைப்பைத் திசுவிலிருந்து கிருமியை வளர்க்க முயன்ற தட்டுகளை ஆய்வகத்தில் இரண்டு நாள் பார்த்துவிட்டு எறிந்துவந்தார்கள். 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் தட்டுகள் கூடுதல் நாட்கள் கிடந்தபோது கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் கிருமிக்கு இரண்டு நாள் போதாது என்பது அப்போதுதான் தெரிந்தது. ‘ஒன்றும் இல்லை’ என்று வரும் முடிவு ஒவ்வொன்றிலும், தேடிய முறை போதுமானதா என்று கேட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

பயிற்சி பெறும் இடங்கள்

புள்ளியியலை ஒத்திப்போடாதீர்கள். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பயிற்சி இணையவழியில் கிடைக்கிறது. மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதுவரை காத்திராமல் இதே நிறுவனத்தின் ஆராய்ச்சி அடிப்படைப் பாடங்களை இளநிலையிலேயே கேட்டுவிடலாம். ஆர் என்னும் இலவச மென்பொருளைக் கற்றுக்கொண்டால் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் கைகொடுக்கும்.

விடுமுறையில் சில வாரம் சென்று பார்த்துக் கற்பதற்கு நம் மாவட்டங்கள் வசதியான இடத்தில் அமைந்துள்ளன. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பக்கம் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குடலியல் துறை. மறுபக்கம் பெங்களூர், அங்கே ஊட்டச்சத்து ஆய்வில் பெயர் பெற்ற செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம். மேற்படிப்புக்குச் சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் டி.எம். இரைப்பை குடலியல் இருக்கிறது. இத்தகைய இடங்களிலுள்ள ஆய்வாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது “தங்களிடம் பணியாற்ற விரும்புகிறேன்” என்று மட்டும் எழுதினால் பதில் வராது. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து அதில் எழுந்த ஐயத்தை ஒரு பத்தியில் கேட்டு எழுதினால் வர வாய்ப்புண்டு.

ஆய்வு எத்தனை காலம் பிடிக்கும் வேலை என்பதையும் அறிந்துகொண்டே இறங்குங்கள். ரோட்டா வைரஸுக்கு எதிரான ரோட்டாவாக் தடுப்பு மருந்துக்கு ஆதாரமான வைரஸ் வகை 1980களின் நடுவில் தில்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடம் கண்டறியப்பட்டது. தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2014இல் வந்தது. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது 2016இல்.

எழுதுவதும் வெளியிடுவதும்

பணம் வாங்கிக்கொண்டு மூன்று நாளில் ஏற்றுக்கொள்ளும் இதழ்களிடம் போகாதீர்கள். பதவி உயர்வுக்காக அப்படிச் செய்யும் மூத்தவர்களைப் பார்த்து அது வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். யார் பெயர் முதலில் வரும் என்பதை ஆய்வு தொடங்கும் நாளிலேயே வழிகாட்டியிடம் பணிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது, பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். நல்ல விடை வரவில்லை என்பதற்காக ஆய்வைக் கிடப்பில் போடுவதும் ஒரு வகைப் பொய்தான்.

இதற்கு நம் ஊர்க் கீழாநெல்லியின் கதையைச் சொல்லலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடிய ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பாருச் பிளம்பெர்க் உள்ளிட்டோரோடு இணைந்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லிப் பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸ் உடலில் இருப்பதைக் காட்டும் புரதம்) மறைந்தது. போலி மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் தென்படவில்லை. முதல் ஆய்வை மட்டும் படித்தவர் மஞ்சள் காமாலைக்கெல்லாம் கீழாநெல்லியே போதும் என்பார். பின்வந்தவற்றை மட்டும் படித்தவர் நாட்டு மருந்து எல்லாம் ஏமாற்று என்பார். செடி வளர்ந்த இடம், பறித்த பருவம், பொடித்த முறை, நோயாளிகளின் உடல்நிலை ஆகியவற்றில் எது வேறுபட்டது என்று கேட்பவர்தான் அடுத்த ஆய்வைத் திட்டமிடத் தகுதியானவர். அதைக் கேட்க முடிவதற்கும் காரணம், இரு தரப்பினரும் தங்கள் முடிவுகளை எண்ணிக்கையோடு வெளியிட்டதே.

வெளியீட்டுக்குப் பின் செய்ய வேண்டியவை இரண்டு. தரவுக் கோப்பிலிருந்து பெயர்களையும் தொலைபேசி எண்களையும் நீக்கி, ஒவ்வொரு நிரலும் எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தோடு, வழிகாட்டியிடம் ஒரு படியும் உங்களிடம் ஒரு படியுமாகக் குறைந்தது மூன்று ஆண்டுகளேனும் பாதுகாத்து வையுங்கள், எம்.டி., பிஎச்.டி. நேர்முகத் தேர்வுகளில் உங்கள் கட்டுரையின் அட்டவணை ஒன்றைக் காட்டி இந்த எண் எப்படி வந்தது என்று கேட்பார்கள். அடுத்து, கண்டறிந்ததை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, ஆய்வு நடந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளருக்கும் அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொடுங்கள். சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைகளைப் பற்றிய ஆய்வாக இருந்தால், அந்த ஒரு பக்கத்தின் படியை எண்டோஸ்கோபி அறைக்கு முன்பதிவு செய்யும் செவிலியரிடமும் கொடுக்க வேண்டும். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே எந்த மாத்திரைகளை நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுமாறு நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கும்போது நினைவூட்டக்கூடியவர் அவர்தான்.